தங்கையா செதுக்கிய எழுத்து

ஆகஸ்டு 11, செவ்வாய்க்கிழமை. விடிவதற்கு முன்பே எழுந்தேன். குழாயில் தண்ணீர் வரும் நேரம் அது; விட்டால் பகல் முழுதும் வராது. குடங்களையும் தவலையையும் நிறைத்தேன். அடுப்புச் சாம்பலை அள்ளினேன். வாசலில் கரித்தூள் படிந்திருந்தது. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் ரயில்வே யார்டின் கரி எங்கள் வாசலுக்குத்தான் வரும். பெருக்கித் தண்ணீர் தெளித்தேன். காப்பிக்கு டம்ளர் எடுக்கும்போது கை பழக்கத்தில் மூன்றை எடுத்துவிட்டது. மூன்றாவதைத் திரும்பக் கவிழ்த்து வைக்க மனம் வரவில்லை. அன்று முழுதும் அது மேடையில் நிமிர்ந்தபடியே இருந்தது.

அந்த டம்ளர் தங்கையாவுடையது. தங்கையா என் கணவர் ஆசீரின் தம்பி. முந்தின நாள் பிற்பகல் எங்கள் பிரஸ்ஸை விட்டு இறங்கிப் போனவன் இரவு வீடு திரும்பவில்லை.

வளர்ந்த ஆண்பிள்ளை ஒரு ராத்திரி வீடு தங்காவிட்டால் ராயபுரத்தில் யாரும் பதறமாட்டார்கள். ஆனால் தங்கையாவுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. எங்கள் வட்டாரத்தில் எந்தப் பக்கம் நடந்தாலும் ஏதாவது ஓரிடத்தில் தண்டவாளத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். துறைமுகத்துக்குப் போகும் சரக்கு வண்டிகளுக்கு நேரம் காலம் கிடையாது. என்ஜின் பின்னால் வந்து விசில் அடித்தால் நீங்களும் நானும் ஒதுங்கிவிடுவோம்.

அன்று காலை ஒவ்வொரு விசிலுக்கும் நான் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். பிறகு மறுபடி எடுத்தேன். வேலை எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். எல்லா வேலையும் நடந்தது, நின்று நின்று.

மரக்கட்டையில் ஒரு கை

எங்கள் அச்சகம் ராயபுரத்துக்கு வந்த கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்து, முன்பக்கம் பிரஸ், பின்பக்கம் வீடு என்று இருந்துகொண்டோம். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், சபை அறிக்கை எல்லாம் அடித்தோம். சுவரில் ஒட்டும் போஸ்டர் மட்டும் எங்களால் முடியாது. ஈய எழுத்தில் அவ்வளவு பெரியது வராது. வந்தாலும் தூக்க முடியாது. போஸ்டருக்கு மர எழுத்து வேண்டும். பெரிய பிரஸ்களில் அது செட்டு செட்டாக இருந்தது. எங்களுக்கு வேண்டுமென்றால் இரவல்தான். இரவல் கொடுப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது ஆசீருக்குப் பிடிக்காது.

தங்கையா பத்து வருடம் திருவொற்றியூரில் ஒரு வார்ப்படப் பட்டறையில் இருந்தவன். இரும்பில் ஒரு பாகம் வார்க்க வேண்டுமானால் முதலில் அதை அப்படியே மரத்தில் செய்ய வேண்டும். அந்த மரத்தை மண்ணில் அழுத்தி எடுத்தால் பள்ளம் விழும். பள்ளத்தில் இரும்பை ஊற்றுவார்கள். அந்த மர மாதிரி செய்யும் வேலைதான் அவனுடையது. பட்டறையில் ஆள் குறைத்தபோது வேலை போயிற்று. எங்களிடம் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எழுத்துப் பெட்டிகளுக்கு அடைப்பலகை மாற்றினான். ஆடிய மேசைகளை நிற்க வைத்தான். அச்சு வேலை பக்கம் அவன் அதிகம் வரவில்லை.

ஆசீர் ஒரு நாள் தாளில் எழுத்துகளை வரைந்து அவனிடம் கொடுத்தார். கையால் உயரத்தைக் காட்டி, மரத்தைத் தொட்டுக் காட்டினார். தங்கையா தலையாட்டினான்.

ஒல்லியும் தடிமனும்

அவனுக்குக் கிடைத்தது பழைய கப்பல் பெட்டிகளின் தேக்குச் சட்டங்கள். நல்ல மரம், ஆனால் அகலம் குறைவு. தமிழ் எழுத்தோ படுத்துப் பரவும் எழுத்து. அதை அந்த ஒல்லிக் கட்டைக்குள் நிறுத்த வேண்டும். ஒல்லியாக்கினால் தூரத்திலிருந்து தெரியாது. ஆகவே கோடுகளை விரல் தடிமனுக்கு வைத்தான். உள்ளே இருக்கும் வெள்ளை, கதவிடுக்கு வெளிச்சம் போல மெல்லிசாக நின்றது. ‘ண’வின் சுழிகள், ஒற்றையாள் பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்தது போல நெருக்கியடித்து, ஆனால் விழாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தன. சுருள், வால், நெளிவு, அலங்காரம் எதுவும் இல்லை. எல்லாக் கோடும் ஒரே கனம்.

முனைகள்தான் விசேஷம். ஒரு முனைகூடக் கூராக இல்லை. உள் மூலை, வெளி மூலை எல்லாவற்றையும் உருட்டியிருந்தான். சோப்புக்கட்டி நான்கு நாள் குளித்த பிறகு இருக்குமே, அப்படி. ஏன் என்று நான் கையால் கேட்டேன். அவன் கீழே கிடந்த மண்ணை அள்ளிப் பிடித்து, கூரான ஒரு கட்டையை அதில் அழுத்தி இழுத்தான். மண் விளிம்பு உதிர்ந்தது. உருட்டின கட்டையை அழுத்தி இழுத்தான். உதிரவில்லை. பிறகு இரண்டு கைகளையும் சேர்த்து மூலை போலப் பிடித்து, சடக்கென்று பிளந்து காட்டினான். கூர் மூலையில் இரும்பு வெடிக்கும் என்று அர்த்தம்.

இங்கே மண்ணும் இல்லை, இரும்பும் இல்லை. ஆனால் அந்தக் கைக்கு வேறு விதம் தெரியாது. ஒவ்வொரு எழுத்தையும் முடித்ததும் கட்டைவிரலால் சுற்றுமுற்றும் தடவிப் பார்ப்பான். விரல் எங்காவது தடுக்கினால் மறுபடி உப்புத்தாள்.

இப்போதெல்லாம் கடைப் போர்டிலும் லாரி நெற்றியிலும் அந்த மாதிரித் தடித்த ஒடுக்கமான எழுத்து எங்கும் வந்துவிட்டது. முனை உருண்ட எழுத்தைப் பார்த்தால் என் கட்டைவிரல் தானாகவே அசைகிறது. பக்கத்தில் நிற்பவர்கள் நான் எதையோ எண்ணுகிறேன் என்று நினைக்கிறார்கள்.

திங்கட்கிழமை நடந்தது

முதல் தவணை எழுத்துகளை அவன் வேட்டித் துணியில் சுற்றி, யாரையும் பார்க்கவிடாமல் வைத்திருந்தான். திங்கட்கிழமை பிற்பகல் ஒரு மொத்த மளிகை வியாபாரி வந்திருந்தார், எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர். புதுக் கடைக்குப் போஸ்டர் வேண்டும். “நம்மகிட்டயே எழுத்து இருக்கு அண்ணாச்சி” என்று ஆசீர் பெருமையாகச் சொல்லி, தம்பியைக் கைதட்டி அழைப்பதற்குப் பதிலாகத் தரையில் காலால் இரண்டு முறை உதைத்தார். அதிர்வு பாதத்தில் பட்டால் தங்கையா திரும்பிப் பார்ப்பான். எங்கள் வீட்டில் அவனைக் கூப்பிடும் முறை அது.

அவன் மூட்டையை அவிழ்த்தான். எழுத்துக் கோர்க்கும் கம்போசிட்டர் மாணிக்கம், வியாபாரி காத்திருந்த அவசரத்தில் உற்றுப் பார்க்காமல், எழுத்துகளைச் சட்டத்தில் பூட்டி மை தடவி, முதல் தாளை இழுத்து எடுத்தார். மாணிக்கம் புளியந்தோப்பு ஆள். வாய் சும்மா இருக்காது. அன்று கொஞ்ச நேரம் இருந்தது.

பிறகு சொன்னார்: “இன்னா மொதலாளி இது, கண்ணாடியில பாத்துப் படிக்கணுமா?”

எல்லா எழுத்தும் இடம் வலமாகப் புரண்டு கிடந்தது.

விஷயம் இதுதான். வார்ப்படத்தில் எழுத்து மண்ணில் ஒரு முறை புரளும், இரும்பில் மறுபடி புரண்டு நேராகிவிடும். அதனால் மரத்தில் நேராகவே செதுக்க வேண்டும். அச்சில் ஒரே ஒரு புரளல்தான். மரத்தில் திருப்பிச் செதுக்கினால்தான் தாளில் நேராக விழும். ஆசீர் தாளில் வரைந்து கொடுத்தது நேரெழுத்து. பத்து வருடக் கை அதை நேராகவே செதுக்கிவிட்டது. திருப்பிச் செய் என்று சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை; அவருக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

வியாபாரி தாளைத் தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார். “என்னவே ஆசீரு, எழுத்தெல்லாம் கோவிச்சுக்கிட்டு மூஞ்சியத் திருப்பிட்டு நிக்கி! மாமியா வீட்டுக்கு வந்த மருமவன் மாதிரி.” அவர் சிரித்தார். மாணிக்கமும் சிரித்துவிட்டார்.

தங்கையாவுக்குச் சிரிப்புச் சத்தம் கேட்காது. வாய்கள் திறந்திருப்பது தெரியும். அவன் அண்ணன் முகத்தைப் பார்த்தான். ஆசீர் எழுத்துக் கட்டைகளை இரு கையாலும் அள்ளி, மூலையில் இருந்த விறகுக் கூடையில் போட்டார். போட்டுவிட்டு, அடுப்பில் வைப்பது போலக் கை காட்டினார். எரிக்கத்தான் லாயக்கு என்று.

அதற்குக் காது வேண்டியதில்லை. தங்கையா உப்புத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினான். டீ குடிக்கப் போகிறான் என்று நினைத்தோம்.

கூப்பிட வழியில்லை

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். ஆசீர் சைக்கிளில் திருவொற்றியூர் போய்ப் பழைய பட்டறை வாசலில் விசாரித்துவிட்டு, பத்து மணி வாக்கில் திரும்பினார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

“வாச்மேன் பார்த்திருக்கான். நேத்து சாயங்காலம் பட்டறை கேட் வாசல்ல கொஞ்ச நேரம் நின்னானாம். அப்புறம் எண்ணூர் பக்கம் போயிட்டானாம்.”

“ரோட்டு வழியா, அத்தான்?”

அவர் குடத்துப் பக்கம் போனார். தண்ணீர் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டுத்தான் சொன்னார். “தண்டவாளத்தோரமா.”

எண்ணூரில் உப்பங்கழியின் மேல் ரயில் பாலம் இருக்கிறது. நாங்கள் இருவருமே அதன் பெயரைச் சொல்லவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொண்டார்கள். தமுக்கு அடிப்பவரை மாணிக்கம் கூட்டி வந்தார். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தமுக்கைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்: “தப்பா நெனச்சுக்காதம்மா. காது கேக்காதவனை நான் தட்டி இன்னா பிரயோஜனம்? ஊருக்குத்தான் கேக்கும், அவனுக்குக் கேக்காதே.” நல்ல மனிதர், வந்த கூலியும் வாங்காமல் போனார். ஆனால் அவர் சொன்னது என்னைப் பிடித்துக்கொண்டது. ஊர் கண்டுபிடித்துத் தருவது ஒன்று. அவனாகவே திரும்புவது ஒன்று. அவன் கோபித்துக்கொண்டு போயிருக்கிறான். ஊர் பிடித்துத் தந்தாலும் அவன் வந்ததாக ஆகாது. வரச்சொல்லி யார் கூப்பிடுவது? காலால் உதைத்தால் எண்ணூர் வரை அதிருமா?

அடுப்பு மூட்ட விறகு எடுக்கப் போனேன். கூடையில் அந்தக் கட்டைகள் கிடந்தன. மை காய்ந்திருந்தது. ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் சுற்றித் தடவினேன். எங்கும் தடுக்கவில்லை.

கூடையோடு தூக்கிக்கொண்டு ஆசீரிடம் போனேன்.

“அத்தான், போஸ்டர் அடிப்போம். ‘தம்பி வா’ன்னு. இங்கேருந்து எண்ணூர் வரைக்கும் ஒட்டுவோம்.”

தங்கையா அதிகம் படித்தவனில்லை. ஆனால் வீட்டில் சிலேட்டில் எழுதிக் காட்டும் சொற்கள் சில அவனுக்கு நன்றாகத் தெரியும். சாப்பாடு, கடை, நாளை, தம்பி, வா.

ஆசீர் எழுந்தார். “நல்ல யோசனை. நான் போய் மர எழுத்து இரவல் வாங்கிட்டு வாரேன்.”

“இரவல் எழுத்துல அடிச்சா சுவத்துல இருக்கிற நூறு போஸ்டரோட அதுவும் ஒண்ணு. சினிமாவா சர்க்கஸான்னு அவன் நிமிர்ந்தே பார்க்கமாட்டான். இதுல அடிக்கணும்.”

“இது திரும்பியில்ல விழும்?”

“விழட்டும். இதை ஓடுற வண்டியில இருந்து பார்த்தாலும் அவனுக்குத் தெரியும்.”

“ஊரு சிரிக்கும்.”

“நேத்தே சிரிச்சாச்சு.”

அவர் மாணிக்கத்தைப் பார்த்தார். மாணிக்கம் தலையைச் சொறிந்தார். “அக்கா சொல்றது கரீட்டு மொதலாளி. அடுப்புல வெக்கச் சொன்ன எழுத்து செவுத்துல கீதுன்னா, அவனுக்கு வேற சேதி வாணாம்.”

ஆசீர் கூடையை வாங்கிக் கல்மேடையில் வைத்தார். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

கீழே ஒரு வரி

த, ம், பி, வ, அதற்கு ஒரு கால். மாணிக்கத்தைத் தொடவிடாமல் அவரே கட்டைகளைத் துடைத்து, வரிசை வைத்துப் பூட்டினார். கல்மேடையில் எழுத்து நேராக, யாரும் படிக்கும்படி இருந்தது. அச்சகத்தில் அப்படிப் பார்ப்பது கண்ணுக்குக் கூசியது.

முதல் தாள் வந்தது. புரண்டுதான் வந்தது. மற்ற எழுத்துகள் கருகருவென்று விழுந்தன. ‘வ’ மட்டும் நடுவில் மங்கல். அந்தக் கட்டை இழையளவு உயரம் குறைந்திருந்தது. அடியில் காகிதம் ஒட்டி உயர்த்தினால் சரியாகும். அதற்கெல்லாம் பொறுமை இல்லை. “போகட்டும், படிக்க முடியுதில்ல” என்றார் ஆசீர். புரண்ட எழுத்தைப் பார்த்து அவர் அப்படிச் சொன்னது வேறு நாளாயிருந்தால் சிரிப்பாக இருந்திருக்கும்.

அப்போதுதான் மாணிக்கம் மெதுவாகக் கேட்டார். “மொதலாளி, பேரு?”

எந்தப் பிரஸ் எதை அடித்தாலும் கீழே அச்சகத்தின் பெயரைப் போட வேண்டும். அது சட்டம். போஸ்டர் ஒட்டினால் ஊர் முதலில் மேலே படிக்கும். போட்டிப் பிரஸ்காரர்கள் முதலில் கீழே படிப்பார்கள்.

“இதுக்குப் பேரு வாணாம் மொதலாளி. மானம் பூடும். ‘எழுத்து எந்தப் பக்கம்னு தெரியாத பிரஸ்ஸு’ன்னு ராயபுரம் பூரா பேசுவானுங்க. நாளைக்கு ஒரு பய கல்யாணப் பத்திரிகைகூட குடுக்கமாட்டான். பேரு இல்லாம ஒட்டுவோம், எவனுக்குத் தெரியும்?”

ஆசீர் மை உருளையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். தெருவில் ஒரு மாட்டு வண்டி போயிற்று. யார்டில் விசில் கேட்டது. மூவரும் தலையைத் தூக்கினோம்.

“பேரு போடு” என்றார். “சின்னதா இல்ல. இருக்கிறதுலயே பெரிய ஈய எழுத்துல போடு.”

அப்படித்தான் போட்டோம். மேலே புரண்டு நிற்கும் ‘தம்பி வா’. கீழே, துல்லியமாக, நேராக, எங்கள் அச்சகத்தின் பெயரும் தெருவும்.

சலூன் கண்ணாடி

பசைக்கு மைதா காய்ச்சியது நான். வாளிகளை இரண்டு சைக்கிள்களில் மாட்டிக்கொண்டு பிற்பகலில் கிளம்பினார்கள். மாணிக்கம் காலடிப்பேட்டை, திருவொற்றியூர் வரை. ஆசீர் அதற்கப்பால் எண்ணூர் முழுதும். நான் எங்கள் வாசல் பக்கத்துச் சுவரில் ஒன்றை ஒட்டினேன்.

ஒட்டி முடிப்பதற்குள் கூட்டம். எதிர்த்த வீட்டுக்காரம்மா, “இன்னா பாஷைம்மா இது?” என்று கேட்டாள். காகிதம் கொண்டு வந்த பாய் நின்று பார்த்தார். “எங்க எழுத்துன்னு நெனச்சு வந்தேன்மா. எனக்கும் புரியல” என்று போனார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண்கள் தலையை வளைத்து வளைத்துப் பார்த்து, சொல் பிடிபட்டதும் கத்திச் சிரித்தார்கள். நான் போஸ்டரின் ஓரங்களை மறுபடி மறுபடி அழுத்திவிட்டேன். பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் மாணிக்கம் வந்தார். வரும்போதே பேசிக்கொண்டு வந்தார்.

“அக்கா, கேளேன். காலடிப்பேட்டையில சலூனுக்கு எதிர்ச் செவுத்துல ஒண்ணு ஒட்டினேன். உள்ள ஒர்த்தன் மூஞ்சி பூரா சோப்பு நொரையோட கண்ணாடியப் பாத்துகினு ஒக்காந்து கீறான். திடீர்னு கத்தறான்: ‘டேய், தம்பி வான்னு போட்டுக் கீதுடா!’ கண்ணாடியில நேரா தெரியுது அவனுக்கு! சலூன்காரு கத்தியோட வெளிய ஓடி வந்து பாக்கறாரு, ஒண்ணும் வெளங்கல. உள்ள ஓடிக் கண்ணாடியப் பாக்கறாரு. திரும்ப வெளிய ஓடறாரு. கடைசில கேட்டாரே ஒரு கேள்வி. ‘யாருப்பா அந்த தம்பி, எங்க பூட்டான்?’”

“என்ன சொன்னீங்க?”

“விசயத்தச் சொன்னேன். கடைய மூட்ற வரிக்கும் பாத்துகினு இருக்கேன்னாரு.” மாணிக்கத்தின் சிரிப்பு அங்கே நின்றுவிட்டது. “நான்கூட நேத்து சிரிச்சேன்க்கா.”

ஆசீர் வந்தபோது விளக்கு ஏற்றியிருந்தோம். பாலம் வரை போயிருந்தார். “அங்க ஒண்ணும் இல்ல” என்றார். அதாவது, நாங்கள் பயந்தது இல்லை. தங்கையாவும் இல்லை. சாப்பிட்டோம். யார்டின் விசில்களைக் கேட்டபடி படுத்தோம். தூங்கினோமா என்று எழுத ஒன்றும் இல்லை.

புதன்கிழமை

காலையில் தண்ணீர் பிடித்துவிட்டுப் பிரஸ் பக்கம் போனேன். ஆசீர் பலகைக் கதவின் முதல் பலகையை உருவினார். உருவிய பலகையைக் கையில் வைத்தபடியே நின்றுவிட்டார்.

படியில் தங்கையா நின்றிருந்தான். முழங்கால் வரை கரியும் சேறும். இரண்டு ராத்திரியும் எண்ணூரில் பழைய பட்டறைக் கூட்டாளி வீட்டில் இருந்திருக்கிறான் என்பது பிறகு தெரிந்தது. கையில் சுவரிலிருந்து உரித்தெடுத்த எங்கள் போஸ்டர், பசை காய்ந்து அப்பளம் போல விறைத்திருந்தது.

ஆசீர் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையை நீட்டினார். தங்கையா அந்தக் கையைப் பார்க்கவில்லை. அவரைத் தாண்டி உள்ளே வந்தான். போஸ்டரைக் கல்மேடையில் விரித்தான். கீழே இருந்த அச்சகத்தின் பெயரைக் கட்டைவிரலால் ஒரு முறை தடவினான். பிறகு விரலை மேலே கொண்டுபோய் அந்த மங்கலான ‘வ’வின் மேல் குத்தினான். அண்ணனைப் பார்த்தான். மறுபடி குத்தினான். நெற்றியில் அடித்துக்கொண்டான். இதைக்கூடப் பார்க்காமல் ஊரெல்லாம் ஒட்டியிருக்கிறாயே என்று அவன் முகம் கேட்டது.

ஆசீர் குனிந்து அந்த ‘வ’வைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினார்.

தங்கையா கையை நீட்டினான், காகிதம் என்று. ஆசீர் ஒரு பழைய பேப்பரைக் கிழித்துக் கொடுத்தார். அவன் மிஷினில் கிடந்த எழுத்துகளின் பூட்டைத் தளர்த்தி, ‘வ’ கட்டையைத் தூக்கி, அடியில் காகிதத்தை ஒட்டி, மீண்டும் இறக்கி, மேலே விரலால் தடவிச் சமன் பார்த்தான். போதவில்லை. இன்னொரு துண்டு கேட்டான். அப்புறம் மிஷின் சட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அண்ணனைப் பார்த்து மோவாயை அசைத்தான்.

ஆசீர் மை தடவினார், மிஷின் கைப்பிடியை இழுத்தார், தாளை உரித்தார். முன்போலவே புரண்டுதான் இருந்தது. ஆனால் ‘வ’ முழுக்கக் கறுப்பாக, ஒரு பொட்டு வெள்ளை இல்லாமல் விழுந்திருந்தது.

புதன்கிழமை எங்கள் பிரஸ்ஸில் முதலில் நடந்த வேலை அது. காப்பி அதற்குப் பிறகுதான்.